கிராமியப் பாடசாலைகளும் வாண்மை விருத்தியும்: திருகோணமலை மாவட்டத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

‘வாண்மை விருத்தி’ என்னுந் தொடர் இன்று இலங்கையின் கல்வி அலுவலகங்கள் யாவற்றிலும் பெருவழக்காயுள்ளது. சுற்றுநிருபங்களும் செயலமர்வுகளும் ஆண்டுத் திட்டங்களும் அதனைத் தவறாது குறிப்பிடுகின்றன. ஆசிரியரும் பாடசாலை நிருவாகிகளும் தமது பணிக்குரிய அறிவையும் திறனையும் நோக்கையும் பணிக்காலம் முழுவதும் வளர்த்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். இக்கருத்தின் தேவைபற்றி ஐயுறுவார் இலர். ஆயின், ஒரு கருத்து நல்லதாயிருத்தல் வேறு. நடைமுறையில் அது யாருக்கு, யாரால், எத்தகைய சமூக உறவுகளினூடாகச் செயற்படுகின்றது என்பது வேறு. இவ்விரண்டாவது வினாவைக் கிராமியப் பாடசாலைகளை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் திருகோணமலை மாவட்டம் பொருத்தமானதொரு களமாகும். துறைமுக நகரிலே 1867 இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரியும், 1897 இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வளர்ந்த ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரியும், 1923 இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியும் உள்ளன. நகரின் மையத்திலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் அன்புவழிபுரம் போன்ற, முற்றிலும் நகரமென்றோ கிராமமென்றோ வரையறுக்கவியலாத குடியிருப்புகள் உள்ளன. அவற்றுக்கும் அப்பால் குச்சவெளி, தம்பலகாமம், மூதூர், ஈச்சிலம்பற்று முதலான பகுதிகளில் மீன்பிடியையும் வேளாண்மையையும் நாட்கூலியையும் நம்பி வாழும் மக்களின் சிறு பாடசாலைகள் பரந்து கிடக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டத்தின் பாடசாலைகள் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்களாக வகுக்கப்பட்டுள்ளன. ஒரே மாவட்டத்துள் ஒரே பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கிடையே வாய்ப்புக்களில் எவ்வளவு இடைவெளி உண்டென்பதை இங்கு தெளிவாகக் காணலாம்.

1. வரலாற்றுப் பின்னணி

ஆசிரியர் எவ்வாறு ஆசிரியராகின்றார் என்னும் வினா நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே சட்டம்பியாரின் கீழ் முதிர்ந்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சொல்லிக்கொடுத்தவாறே கற்பித்தலையும் பயின்றான். சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியொன்றை நடத்திய அன்ட்றூ பெல் என்னும் பாதிரியார், மணலில் விரலால் எழுதிக் கற்ற உள்ளூர்ப் பிள்ளைகளைக் கண்டு இம்முறையைத் தமது பள்ளியிற் கையாண்டார். 1797 இல் இலண்டனில் அதுபற்றி எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ எனப் பெயர்பெற்ற அது, கைத்தொழிற் புரட்சிக்கால இங்கிலாந்தில் மிகக் குறைந்த செலவில் மிகப் பல ஏழைப் பிள்ளைகளை ஒழுங்குபடுத்தும் கருவியாக மாறிற்று. ஒரு சமூகத்தில் நெருங்கிய உறவின் வெளிப்பாடாயிருந்த கற்பித்தல் முறை, பிறிதொரு சமூகத்தில் உற்பத்தித் தேவைகளுக்கேற்ப உருமாறியமைக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். சாதியமைப்பாற் கட்டுண்டிருந்த திண்ணைப் பள்ளியை இலட்சியமயப்படுத்துதல் நமது நோக்கமன்று. கற்பித்தலைக் கற்பித்தலினூடாகவே பயிலுதல் என்னும் கூறு மட்டும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையில் 1869 இல் பொதுப்போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதன் பின், மாணவர் பரீட்சையிற் பெற்ற பெறுபேற்றுக்கேற்பப் பாடசாலைக்கு நன்கொடை வழங்கும் முறை புகுத்தப்பட்டது. இங்கிலாந்தில் 1862 இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின் எதிரொலி அது. வித்தியாதரிசி வரும் நாள் ஆசிரியரின் வருவாயைத் தீர்மானிக்கும் நாளாயிற்று. பரிசோதனைக்குரிய பாடப்பகுதியைப் பிள்ளைகளின் நாவில் ஏற்றிவைத்தலே திறமை எனக் கொள்ளப்பட்டது. ஆசிரியரின் வளர்ச்சியை மேலிருந்து வரும் பரிசோதனையோடு பிணைக்கும் மனப்பாங்கு நமது கல்வி நிருவாகத்தில் வேரூன்றியது இக்காலத்திலேதான்.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், தாய்மொழிக் கல்வியின் விரிவும், 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமையும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கதவுகளைத் திறந்தன. இவை ஜனநாயக வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. ஆயின் பாடசாலைகள் பெருகிய வேகத்திற்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர் தொகை பெருகவில்லை. முதலில் நியமனம், பல ஆண்டுகள் கழித்துக் கலாசாலைப் பயிற்சி என்பது வழமையாயிற்று. மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, கோப்பாய், பலாலி முதலிய இடங்களின் ஆசிரியர் கலாசாலைகள் இத்தேவையின் பெரும்பகுதியை நிறைவேற்றின. பயிற்றப்படாத ஆசிரியர்கள் அதிகமாகச் சென்று சேர்ந்தவை, எவரும் விரும்பிச் செல்லாத கிராமியப் பாடசாலைகளே.

போர்க்காலத்தில் இந்நிலை மேலும் சிக்கலுற்றது. வடக்குக் கிழக்கில் இடப்பெயர்வும் ஆளணி வெற்றிடமும் மிகுந்த ஆண்டுகளிலே, சிறு கொடுப்பனவுக்கோ கொடுப்பனவு எதுவுமின்றியோ தொண்டர் ஆசிரியர்கள் வகுப்பறைகளைத் திறந்து வைத்திருந்தனர். முறையான பயிற்சி பெறாதோர் என அவர்களைப் பதிவேடுகள் குறித்தன. பல தரத்துப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வைத்துக் கற்பித்தல், அகதி முகாமிலிருந்து வரும் பிள்ளையின் மௌனத்தை விளங்கிக்கொள்ளுதல் முதலியவற்றில் அவர்கள் ஈட்டிய அனுபவ அறிவைப் பதிவேடுகள் குறிக்கவில்லை. வாண்மை என்பது எதுவெனத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா இங்கே எழுகின்றது.

2. இன்றைய அமைப்பு

1985 ஆம் ஆண்டின் சட்டத்தாற் தோன்றிய தேசிய கல்வி நிறுவகம், 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள், தொலைக்கல்வி நெறிகள், 1990களின் பிற்பகுதியில் உலக வங்கியின் துணையுடன் நாடெங்கும் அமைக்கப்பட்ட ஆசிரியர் நிலையங்கள், வலயந்தோறும் பணியாற்றும் ஆசிரிய ஆலோசகர்கள் எனப் பரந்ததோர் அமைப்பு இன்று உண்டு. 2006 முதல் ‘பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம்’ பாடசாலை மட்டத் திட்டமிடலை வலியுறுத்திற்று. 2012 இல் ஆரம்பித்த கல்விச் சீர்திருத்தச் செயற்றிட்டத்தின் கீழ், ‘பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி’ என்னும் எண்ணக்கரு அறிமுகமாயிற்று. ஆசிரியரைத் தலைநகருக்கோ வலய நிலையத்துக்கோ அழைத்துப் பயிற்றுவதைவிட, அவர் பணியாற்றும் இடத்திலேயே சக ஆசிரியரோடு சேர்ந்து கற்கச்செய்தல் பயன்மிக்கது என்பது அதன் அடிப்படை. கொள்கையளவில் இது வரவேற்கத்தக்கதே.

ஆயின் இங்கு ஓர் உண்மையைச் சுட்டுதல் வேண்டும். மேற்கூறிய செயற்றிட்டமும் 2018 இல் அதனைத் தொடர்ந்து வந்ததும் உலக வங்கியின் தலா 10 கோடி டொலர் கடனுதவி பெற்றவை. முன்கூட்டி உடன்பட்ட குறிகாட்டிகள் நிறைவேறியமை காட்டப்படும்போதே நிதி விடுவிக்கப்படும் என்பது அவற்றின் ஏற்பாடு. எத்தனை பாடசாலைகளில் நிகழ்ச்சி நடைபெற்றது என்பதை எண்ணலாம். ஓர் ஆசிரியரின் நோக்கு எவ்வளவு விரிந்தது என்பதை எண்ணவியலாது. எனவே எண்ணத்தக்கது எண்ணவியலாததன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. மைய அமைச்சு மாகாணத்திடமும், மாகாணம் வலயத்திடமும், வலயம் அதிபரிடமும், அதிபர் ஆசிரியரிடமும் படிவங்களைக் கேட்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வித்தியாதரிசி கொணர்ந்த ‘பெறுபேற்றுக்கேற்ற கொடை’ சர்வதேச நிதி மூலதனத்தின் மொழியில் மீண்டும் வந்திருக்கின்றது என்பது மிகையான கூற்றன்று.

பதவியுயர்வும் இவ்வாறே பயிற்சிச் சான்றிதழ்களோடு பிணைக்கப்பட்டுள்ளது. ரொனால்ட் டோர் என்னும் சமூகவியலாளர் 1976 இல் வெளியிட்ட நூலொன்றில், தாமதித்து அபிவிருத்தியடையும் நாடுகளில் கல்வி தன் உள்ளடக்கத்தை இழந்து சான்றிதழ் வேட்டையாக மாறுதலை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. மாணவரைப் பற்றி அவர் கண்டறிந்த நோய் இன்று ஆசிரியரின் கல்வியையும் பீடித்துள்ளது. செயலமர்விற் கற்றது யாது என்பதைவிடச் செயலமர்வுக்குச் சென்றமைக்கான சான்று முக்கியமாகிவிட்டது. இது தனிப்பட்ட ஆசிரியரின் ஒழுக்கக் குறைபாடன்று. பயன்பெறுமதியைப் பின்தள்ளிப் பரிமாற்றுப் பெறுமதியை முன்னிறுத்தும் சமூக அமைப்பில் அறிவும் பண்டமாதல் தவிர்க்கவியலாத விளைவாகும்.

3. சிந்தனையும் செயலும் பிரிந்த நிலை

ஹரி பிறேவர்மன் 1974 இல் வெளிவந்த தமது நூலிலே, முதலாளித்துவ உற்பத்தியில் திட்டமிடுவோரும் செய்வோரும் வேறாக்கப்படுதலையும், அதனாற் தொழிலாளியின் திறன் படிப்படியாகப் பறிக்கப்படுதலையும் விளக்கினார். தொழிற்சாலை பற்றிய இக்கருத்து பாடசாலைக்கும் பெரிதும் பொருந்தும். பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி, மதிப்பீட்டு அட்டவணை ஆகியன மகரகமவில் உருவாகின்றன. அவற்றை விளக்கும் முறை முதன்மைப் பயிற்றுநருக்கும், அவரிடமிருந்து ஆசிரிய ஆலோசகருக்கும், அவரிடமிருந்து ஆசிரியருக்கும் படிப்படியாக இறங்கி வருகின்றது. வாய்க்காலின் கடைமடைக்கு நீர் வந்துசேரும் கதையே இங்கும் நிகழ்கின்றது. தமிழ்மொழி மூலப் பாடசாலைகளுக்கோ மேலும் ஓர் இழப்பு உண்டு. வழிகாட்டிகள் பல சிங்களத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படுவதால், தமிழ்ப் பிள்ளை எழுத்தையும் சொல்லையும் கற்கும் இயல்பிலிருந்து பிறவாத எடுத்துக்காட்டுகளும் பிந்திக் கிடைக்கும் பிரதிகளும் நெடுங்கால முறைப்பாடுகளாயுள்ளன.

கடைமடையில் நிற்கும் ஆசிரியரின் நிலையைச் சற்று விரிவாக நோக்குவோம். பட்டினத்திலோ அதன் புறத்தேயுள்ள அன்புவழிபுரம் போன்ற குடியிருப்பிலோ வாழ்ந்து, கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பாடசாலையொன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை தரைவழிப் பயணத்திற்கு இழுவைப் படகைக் காத்திருத்தல் வேண்டும். கடல்வழியெனின் மூதூர் செல்லும் படகுச் சேவையை நம்புதல் வேண்டும். பாலங்கள் வந்த பின்னும் பயணத்தின் நெருக்கடி முற்றாக நீங்கவில்லை. 2021 நவம்பர் 23 இல் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலை மாணவர் உட்படப் பலர் உயிரிழந்தமை நம் நினைவில் உள்ளது. அவ்வாசிரியை பாடசாலையில் ஒரே வேளையில் இரண்டு மூன்று தரங்களுக்குப் பொறுப்பானவர். செயலமர்வுக்கு அவர் சென்றால் அன்று அவ்வகுப்புகளுக்கு ஆசிரியர் இல்லை; சனிக்கிழமை நடைபெறின் அவரது வீட்டுக் கடமைகளும் பிள்ளைகளும் கைவிடப்படுதல் வேண்டும். இலங்கையின் ஆசிரியருள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பெண்கள் என்பதை நினைவிற்கொண்டால், பயிற்சிக்கான நேரம் யாருடைய ஊதியமற்ற உழைப்பிலிருந்து எடுக்கப்படுகின்றது என்பது விளங்கும்.

இத்தனை இடர்ப்பட்டு அவர் கேட்கச் செல்லும் விரிவுரையோ பெரும்பாலும் தரத்துக்கொரு வகுப்பறையும் பாடத்துக்கொரு ஆசிரியரும் உள்ள பாடசாலையை மனத்திற்கொண்டு தயாரிக்கப்பட்டது. பல்தரக் கற்பித்தல் அதில் ஓர் அநுபந்தமாகவே இடம்பெறும். அறுவடைக் காலத்திலும் மீன்பிடிப் பருவத்திலும் வகுப்பறை வெறிதாதல், எழுத்துக் கூட்டி வாசிக்கவியலாது ஆறாம் தரத்தை எட்டிய பிள்ளை, தந்தையை இழந்த வீட்டின் சுமையைத் தாங்கும் சிறுமி ஆகிய உண்மைப் பிரச்சினைகள் விரிவுரைக்குப் புறத்தே நின்றுவிடுகின்றன. ஆசிரியர் ‘பயிற்சியை எதிர்க்கின்றார்’ என அலுவலர் முறையிடுவர். அவர் எதிர்ப்பது அறிவையன்று. தமது அனுபவத்தை அறிவென ஏற்க மறுக்கும் ஏற்பாட்டையே.

4. அதிபரும் கல்வி அலுவலரும்

நிருவாகிகளின் நிலை இதனின்றும் வேறானதன்று. முற்கால அதிபர் தலைமையாசிரியர் எனப்பட்டார். ஆசிரியருள் தலைமையானவர் என்பது அதன் பொருள். 1925 இல் இராமகிருஷ்ண சங்கம் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்ற பின்னர், அதன் அதிபராகச் சிலகாலம் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர் போன்றோரிடம் கற்பித்தலும் ஆராய்ச்சியும் நிருவாகமும் ஒன்றிணைந்திருந்தன. இன்றைய கிராமிய அதிபரோ சம்பவத்திரட்டுப் புத்தகத்துக்கும் தரவுப் படிவங்களுக்கும் மதிய உணவுக் கணக்குக்கும் இடையே நாளைக் கழிப்பவர். அதிபர் சேவைக்கு உட்படாத மூத்த ஆசிரியர்கள் ‘கடமை நிறைவேற்று அதிபர்’ என்னும் பெயரில் நீண்டகாலம் பொறுப்பு வகித்தலும் கிராமியப் பாடசாலைகளிற் பெருவழக்கு. அவர்களுக்குரிய பயிற்சிகள் நிதி ஒழுங்குவிதி, தாபனக்கோவை, அறிக்கையிடல் என்பவற்றிலேயே பெரிதும் ஊன்றியுள்ளன.

ஆசிரிய ஆலோசகரும் கோட்டக் கல்விப் பணிப்பாளரும் எதிர்நோக்கும் முரண்பாடு பிறிதொன்று. ஆலோசகர் நண்பராகச் சென்று வகுப்பறையை நோக்குதல் வேண்டும். அதே வேளை அலுவலகத்துக்கு அறிக்கை சமர்ப்பித்தலும் வேண்டும். அறிக்கை எழுதுபவர் முன் எவரும் தமது இயலாமையைத் திறந்து காட்டார். குறைபாட்டை மறைக்கத் தூண்டும் உறவினூடாக வளர்ச்சியை எதிர்பார்த்தல் நடவாத காரியம்.

1981 ஆம் ஆண்டின் கல்வி வெள்ளையறிக்கை முன்வைத்த கொத்தணிப் பாடசாலை முறையை இங்கு நினைவுகூரலாம். அயற்பாடசாலைகள் தம் ஆளணியையும் வளங்களையும் பகிர்ந்துகொள்ளுதல் என்பது அதன் கருத்து. இலவசக் கல்வியைச் சுருக்கும் உள்நோக்கம் உண்டென்ற நியாயமான ஐயத்தினால் வெள்ளையறிக்கை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1980களில் நடைமுறைக்கு வந்த கொத்தணிகள், மாகாண சபைகளைத் தொடர்ந்து கோட்ட, வலய அலுவலகங்கள் வலுப்பெற்றபோது மங்கி மறைந்தன. கூட்டுறவின் சாத்தியங்கொண்ட ஓர் அமைப்பு, மேலிருந்து வந்தமையால் மேலிருந்தே கைவிடப்பட்டது.

5. மாற்று அனுபவங்கள்

வேறு வழிகள் இல்லையெனக் கூறுவதற்கில்லை. 1961 இல் கியூபாவில் நடைபெற்ற எழுத்தறிவு இயக்கம் ஒரே ஆண்டில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோரை எழுத்தறிவுடையோராக்கிற்று. கிராமங்களுக்குச் சென்ற இளைஞர் கற்பித்தவர்களாக மட்டுமன்றிக் கிராம வாழ்வைக் கற்றவர்களாகவும் திரும்பினர். கொலம்பியாவில் 1970களின் நடுப்பகுதியிலிருந்து வளர்ந்த ‘புதிய பாடசாலை’ இயக்கம், பல்தரக் கற்பித்தலைக் குறைபாடாகக் கருதாது கிராமியக் கல்வியின் இயல்பாக ஏற்றது. அயற்கிராமங்களின் ஆசிரியர்கள் சிறு வட்டங்களாகக் கூடித் தம் பிரச்சினைகளை ஆராய்தல் அதன் முக்கிய கூறு. யப்பானிய ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூட்டாகத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க ஏனையோர் நோக்கி, பின்னர் அப்பாடத்தைத் திருத்தி அமைக்கும் மரபை நெடுங்காலமாகப் பேணிவருகின்றனர்.

ஆந்திரப் பிரதேசத்து மதனப்பள்ளிக்கு அண்மையிலுள்ள ரிஷி பள்ளத்தாக்கில், ஓராசிரியர் பள்ளிகளுக்கென உருவாகிய கற்றல் அட்டை முறை 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், சில ஆண்டுகளிற் தமிழ்நாடு முழுவதிலும் செயல்வழிக் கற்றலாகப் பரவிற்று. ஆசிரியர் பங்கேற்பில் உருவாகியதொன்று அரசாணையாக விரியும்போது அதன் உயிர்ப்பைக் காத்தல் எளிதன்று என்பது அவ்வனுபவத்தின் மறுபக்கம்.

நமது மண்ணிலும் முன்னுதாரணங்கள் உண்டு. மூதூரில் 1925 இல் பிறந்த வ. அ. இராசரத்தினம் ஆசிரியராகப் பணியாற்றியவாறே கொட்டியாரப் பகுதி மக்களின் வாழ்வைச் சிறுகதைகளாக்கினார். என். கே. ரகுநாதன் போன்ற முற்போக்கு எழுத்தாளரும் ஆசிரியர்களே. வாசகர் வட்டம், சஞ்சிகை, தொழிற்சங்கக் கூட்டம், நாடக ஒத்திகை என்பவற்றினூடாக அத்தலைமுறை ஆசிரியர்கள் பெற்ற அறிவு வளர்ச்சிக்கு எவரும் சான்றிதழ் வழங்கவில்லை. ஆயினும் தம் மாணவரின் வாழ்வை உள்ளிருந்து அறிந்து அதற்கு மொழி கொடுக்கும் ஆற்றலை அவர்கள் ஈட்டினர். கிராம்சி கூறும் வர்க்கத்தோடு ஒன்றிய புத்திஜீவிகள் இவ்வாறே உருவாகின்றனர்.

6. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படும். முதலாவது, வாண்மை விருத்திக்குரிய நேரம் ஊதியம் பெறும் பணிநேரத்துள் அமைதல் வேண்டும். சிறு பாடசாலைகளுக்கென வலயந்தோறும் பதில் ஆசிரியர் குழாமொன்று வேண்டும். இதற்குச் செலவிட மறுக்கும் அரசு ஆசிரியரின் வளர்ச்சிபற்றிப் பேசுதல் பொருளற்றது. இரண்டாவது, நான்கைந்து அயற்பாடசாலைகளின் ஆசிரியர் மாதமொருமுறை தம்முள் கூடும் வட்டங்கள் அமைதல் வேண்டும். கூட்டத்தின் பொருளை அவர்களே தீர்மானித்தல் வேண்டும். அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பும் கடப்பாடு இருத்தலாகாது. மூதூர், கிண்ணியா போன்ற பகுதிகளில் இவ்வட்டங்கள் தமிழ், முஸ்லிம் பாடசாலைகளை ஒருங்கிணைக்குமாயின் அதன் பயன் கற்பித்தலுக்கு அப்பாலும் செல்லும். மூன்றாவது, ஆசிரிய ஆலோசகரின் பணியிலிருந்து மேற்பார்வை நீக்கப்படுதல் வேண்டும். நான்காவது, தமிழ்மொழி மூல வழிகாட்டிகள், அவற்றுட் சிறப்பாகத் தொடக்க வாசிப்பும் பல்தரக் கற்பித்தலும் பற்றியவை, தமிழிலேயே கிராமிய ஆசிரியரின் பங்கேற்புடன் எழுதப்படுதல் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் போன்ற நிறுவனங்கள் இதில் ஈடுபடுதல் இயலும். ஐந்தாவது, அதிபர் வாரத்திற் சில பாடவேளைகளாவது கற்பித்தல் வேண்டும். அதற்கிடமளிக்கும் வகையில் எழுதுவினைஞர் உதவி கிராமியப் பாடசாலைகளுக்கும் கிடைத்தல் வேண்டும்.

இவை நிறைவேறினும் கிராமியக் கல்வியின் பிரச்சினைகள் தீர்ந்துவிடா. கல்வியொன்றே சமூக ஏற்றத்தாழ்வை ஈடுசெய்யாது என்பதை பசில் பேர்ண்ஸ்ரைன் 1970 இல் எடுத்துரைத்தார். நிலமும் கடலும் உழைப்போருக்குரியனவாகாத வரையில் பிள்ளையின் வரவு வறுமையாற் தீர்மானிக்கப்படும். ஆயின் இதனைச் சாட்டாகக் கொண்டு ஆசிரியரின் பொறுப்பை மறுத்தல் இயக்கவியல் நோக்காகாது. மனிதரைச் சூழ்நிலை உருவாக்குகின்றதெனக் கூறிய பழைய பொருள்முதல்வாதம், அச்சூழ்நிலையை மாற்றுவோரும் மனிதரே என்பதையும், கற்பிப்போரும் கற்கவேண்டியவர்கள் என்பதையும் மறந்ததென மார்க்ஸ் 1845 இல் சுட்டினார். கற்பிப்போர் தம் உலகை மாற்றும் செயலினூடாகவே கற்கின்றனர் என்பது அதிலிருந்து பெறப்படும்.

2021 யூலை முதல் ஒக்டோபர் வரை, நீண்டகாலச் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி ஆசிரியரும் அதிபரும் நாடளாவி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடினர். அப்போராட்டத்தில் மொழி, மத, மாகாண வேறுபாடுகள் பின்தள்ளப்பட்டன. ஊதியத்துக்காக ஒன்றுபட்ட அவ்வாற்றல், கற்பித்தலின் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கும் உரிமைக்காகவும் ஒன்றுபடல் வேண்டும். தொழிற்சங்கம் சம்பளத்தைப் பேசுக, அலுவலகம் கற்பித்தலைப் பேசுக என்னும் பிரிவினை நீடிக்குமட்டும், ஈச்சிலம்பற்றுப் பிள்ளையின் கல்வி அவளை ஒருபோதும் காணாதோரின் மேசைகளிலேயே தீர்மானிக்கப்படும். அப்பிள்ளையை நாள்தோறும் காணும் ஆசிரியர் அத்தீர்மானத்திற் பங்குகொள்ளும் நிலையை உருவாக்குதலே வாண்மை விருத்தியின் மெய்ப்பொருளாகும்.